ஏப்ரலில் நின்றுபோன பெட்டி: ஒரு வீட்டு டிஎன்எஸ் சர்வரின் கதை

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டு மதுரை வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். கிளம்பும்போது அணைத்துவிட்டுப் போன மெயின் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் முனக ஆரம்பித்தது, ரவுட்டரில் எரிய வேண்டிய விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை.

குளித்துவிட்டு வருவதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இணைய நிறுவனத்துக்கு போன் போட்டேன். "லைன் நல்லா இருக்கு சார், உங்க பக்கம் பாருங்க" என்றார்கள். வழக்கமாக அவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வாசகம் அது. அன்றைக்கு மட்டும் அது முழு உண்மை.

எங்கள் வீட்டில் நெட்டுக்கு நடுவே என் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி. அதில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும்) மென்பொருள், அதற்கு முன்னால் விளம்பரங்களை வடிகட்ட பை-ஹோல். அன்று நின்றுபோனது அதுதான். ஏன் நின்றது என்பதைச் சொல்வதற்கு முன், அதை ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மாலை ஏழு மணிக் காத்திருப்பு

2023 கடைசியில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. மாலை ஏழு மணிக்கு மேல் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சில நொடிகள் வெள்ளையாக நிற்கும், பிறகு சட்டென்று மொத்தமும் வந்து விழும். வேகச் சோதனை செய்தால் வாங்கிய வேகம் அப்படியே காட்டும். வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டால் திக்காது. தொடக்கம் மட்டும்தான் இழுக்கும்.

தொடக்கம் மட்டும் இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ்ஸை. நாம் தட்டும் பெயரை ஐபி முகவரியாக, அதாவது கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் எண்ணாக, மாற்றித் தருவது அதன் வேலை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைத்தபோது, அதுவரை ஒரே கோப்பில் எழுதி எல்லாக் கணினிகளுக்கும் பகிர்ந்துவந்த பெயர்ப் பட்டியல் சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது. இன்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாலே விளம்பரம், எழுத்துரு, கணக்கெடுப்பு என்று பல பெயர்களுக்கு முகவரி கேட்க வேண்டியிருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று தாமதமானாலும் பக்கம் நிற்கும்.

டிஎன்எஸ்ஸிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்க உதவும் டிக் என்ற கட்டளையை வைத்துச் சில மாலைகள் அளந்து பார்த்தேன். இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் பெரும்பாலும் 10, 15 மில்லி விநாடியில் பதில் தந்தது. சராசரியைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவ்வப்போது ஒரு கேள்விக்குப் பதிலே வராது. லினக்ஸில் ஒரு கேள்வியைக் கைவிட்டு மறுபடி கேட்க வழக்கமான காத்திருப்பு 5 விநாடி. நூறு பதில் நொடிப்பொழுதில் வந்து ஒன்று காணாமல் போனால், மனிதனுக்கு நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான். டிஎன்எஸ் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சராசரியை வைத்துச் சண்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. பெயரைத் தவறாகத் தட்டினால் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதில் வர வேண்டும். அந்த நிறுவனம் அதற்குப் பதிலாகத் தன் விளம்பரப் பக்கத்தைக் காட்டியது. புதிய தந்திரம் இல்லை இது. 2003 செப்டம்பரில் வெரிசைன் நிறுவனம், பதிவாகாத டாட் காம், டாட் நெட் பெயர்கள் அத்தனையையும் தன் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, சில வாரங்களிலேயே நிறுத்திக்கொண்டது. இருபது வருடம் கழித்து அதே வேலை என் வீட்டு வாசலில்.

கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்களுக்கு மாறியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். எனக்குக் கையும் சும்மா இருக்கவில்லை, எல்லாக் கேள்விகளையும் ஒரே பெரிய நிறுவனத்திடம் கொட்டவும் மனமில்லை. 2024 ஜனவரியில் பெட்டியை வைத்தேன்.

வைத்துவிட்டேன், ஆனால் யாரும் கேட்கவில்லை

நிறுவுவது ஒரு மதிய வேலை. டெபியன் என்ற லினக்ஸின் தொகுப்பிலேயே அன்பவுண்ட் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள என்எல்நெட் லேப்ஸ் என்ற அமைப்பு உருவாக்கிப் பராமரிப்பது, 2008 முதல் பொதுப் புழக்கத்தில் இருப்பது. ரவுட்டரில் போய், வீட்டில் சேரும் கருவிகளுக்கெல்லாம் டிஎன்எஸ் முகவரியாகப் பெட்டியின் ஐபியைக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பெட்டியின் லாகை (யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவை) பார்த்தால் என் மடிக்கணினியைத் தவிர யாருமே அதிகம் கேட்டிருக்கவில்லை. வீட்டில் நாலு போன், ஒரு டிவி. எல்லாம் எங்கே போய்க் கேட்கின்றன?

முதல் ஓட்டை, நானே போட்டது. இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல் 8.8.8.8 என்று எழுதி வைத்திருந்தேன். முதலாவது படுத்தால்தான் இரண்டாவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கருவிகளுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பவை உண்டு, ஒன்றில் ஒட்டிக்கொள்பவையும் உண்டு.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் மாற்றியது பழைய ஐபிவி4 வழியை மட்டும். இணைய நிறுவனம் புதிய முகவரி முறையான ஐபிவி6-உம் தருகிறது. அதற்கான டிஎன்எஸ் முகவரியை ரவுட்டர் தனியாக அறிவித்துக்கொண்டே இருக்கும். போன்கள் அந்த அறிவிப்பைக் கேட்டு, நேராக நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிடம் போய்க்கொண்டிருந்தன. முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்த கதை. நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்த அறிவிப்பை மாற்ற வழியே இல்லை. கடைசியில் நானே ஒரு ரவுட்டர் வாங்கி, அவர்களுடையதை வெறும் பாலமாக மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வீட்டு டிஎன்எஸ் வைத்துப் பலன் தெரியவில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் முதலில் கேட்பது ஐபிவி6-ஐத்தான்.

டிவி இன்னொரு ரகம். நாம் எந்த முகவரி கொடுத்தாலும் கவலைப்படாமல் உள்ளே எழுதி வைத்த 8.8.8.8-ஐத்தான் கேட்டது. டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல் 53-ஆம் போர்ட். பெட்டி தானே கேட்பதைத் தவிர, அதில் வெளியே போகும் எல்லாவற்றையும் பெட்டிக்கே திருப்பும் ஒரு விதியை ரவுட்டரில் எழுதினேன். டிவிக்கு அது தெரியாது. இன்று வரை கூகுளிடம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. பயர்ஃபாக்ஸ் தானாகவே மறையாக்கிய டிஎன்எஸ்ஸுக்கு மாறுவதைத் தடுக்க, அதற்கென்றே மொசில்லா வைத்திருக்கும் ஒரு பெயருக்கு 'இல்லை' என்று பதில் சொன்னால் போதும். பை-ஹோல் அதைத் தானே செய்துவிடுகிறது. சில செயலிகள் தங்களுக்கென்று தனியாக, சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்து 443 போர்ட்டில் கேட்டுக்கொள்கின்றன. அதை நான் துரத்தவில்லை.

வேகம் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

அன்பவுண்ட் யாரிடமும் கடன் வாங்காமல் தானே போய் விசாரிக்கும். புது ஊரில் வீடு தேடுவது போல: பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பேட்டையைக் காட்டுவார்கள், பேட்டையில் கேட்டால் தெருவை, தெருமுனை டீக்கடையில் கேட்டால் வீட்டை. இங்கே பஸ் ஸ்டாண்ட் என்பது ரூட் சர்வர். பெயருக்கு 13 இருந்தாலும் உலகம் முழுவதும் அவற்றின் பிரதிகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் எஃப் என்ற எழுத்துக்குரிய ரூட் சர்வரின் பிரதி ஒன்று 2005-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஆக முதல் படி பக்கத்திலேயே முடிந்துவிடும். கடைசிப் படி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருந்தால்தான் இழுக்கும். புதிதாகக் கேட்கும் பெயருக்கு 100 முதல் 400 மில்லி விநாடி வரை ஆவதைப் பார்த்தேன். இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிலோ பொது டிஎன்எஸ்ஸிலோ அந்தப் பெயரை அதற்குள் யாராவது கேட்டிருப்பார்கள், பதில் தயாராக இருக்கும். முதல் முறை கேட்பதில் வீட்டுச் சர்வர் தோற்றே தீரும். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாம் முறை கேட்டால் டிக் காட்டுவது 0 அல்லது 1 மில்லி விநாடி. வீட்டில் திரும்பத் திரும்பப் போகிற இடங்கள் ஒரு ஐம்பதுதான் இருக்கும், ஆகவே கேஷ் (வாங்கிய பதில்களைச் சேமித்து வைக்கும் இடம்) நன்றாகவே வேலை செய்கிறது. இதில் ஒரு சிக்கல், இப்போது பல பெரிய தளங்கள் தங்கள் பதிலை 60 விநாடி, 300 விநாடி மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதற்கு அன்பவுண்டில் இரண்டு மருந்து உண்டு. அடிக்கடி கேட்கப்படும் பெயரின் ஆயுளில் கடைசிப் பத்து சதவீதம் மிஞ்சும்போதே போய்ப் புதுப்பித்து வைத்துக்கொள்வது ஒன்று. ஆயுள் முடிந்திருந்தாலும் பழைய பதிலை உடனே கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் புதியதைக் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டையும் போட்டபின்தான் வித்தியாசம் கையில் தெரிந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. எல்லாப் பதிலையும் குறைந்தது நாலு மணி நேரம் வைத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு வங்கிச் செயலி அன்றிரவே திறக்க மறுத்தது. அவர்கள் சர்வரை இடம் மாற்றியிருக்கிறார்கள், என் பெட்டி பழைய முகவரியையே சாதித்துக்கொண்டிருந்தது. வரியை நீக்கினேன்.

உண்மையான லாபம் இரண்டு. அந்த 5 விநாடிக் காத்திருப்பு காணாமல் போனது. நிறுவனத்தின் டிஎன்எஸ் மாலையில் திணறினால் எனக்கென்ன? அப்புறம், பெரிய தளங்கள் தங்கள் கோப்புகளை ஊருக்கு ஊர் நகலெடுத்து வைத்திருக்கின்றன, நமக்கு எந்த நகல் பக்கம் என்பதைப் பல சமயம் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்கின்றன. 8.8.8.8 நம் முகவரியின் ஒரு பகுதியைச் சேர்த்து அனுப்பி இதைச் சமாளிக்கிறது. 1.1.1.1 அந்தரங்கம் கருதி அப்படி அனுப்புவதில்லை. நானே போய்க் கேட்டால் கேள்வி என் இணைய நிறுவனத்தின் முகவரியிலிருந்தே போகும், பக்கத்து நகலே கிடைக்கும். பெரிய மென்பொருள் இறக்கங்களில் இது தெரிந்தது.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

வேகத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஒரே பெட்டி போதும் என்று விற்கிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நானே போய் விசாரித்தால், என் கேள்விகள் மூடாத அஞ்சலட்டையாக இணைய நிறுவனத்தின் கம்பி வழியேதான் போகின்றன. அவர்கள் படிக்க நினைத்தால் படிக்கலாம். மறையாக்கி ஒரு பொது டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பினால் (இதற்கான தரம் 2016-இல் வந்தது, போர்ட் 853) இணைய நிறுவனத்துக்குக் கேள்வி தெரியாது. ஆனால் அந்தப் பொது டிஎன்எஸ்காரருக்கு ஒன்றுவிடாமல் தெரியும். மறைப்பது ஒருவரிடமிருந்து என்றால் கொடுப்பது இன்னொருவரிடம்.

டிஎன்எஸ்ஸை மறைத்தாலும், தளத்தோடு இணையும் முதல் நொடியில் உலாவி அந்தத் தளத்தின் பெயரைப் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லியே கதவைத் தட்டுகிறது. அதையும் மறைக்கும் முறை 2023-இல் குரோமிலும் பயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. மறுமுனைத் தளமும் ஒத்துழைத்தால்தான் அது பயன்படும். அது இல்லாத வரை இணைய நிறுவனத்துக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியத்தான் செய்யும். அப்படியிருக்க, எனக்குத் தேவையில்லாத புதிய சாட்சி ஒருவரைக் கூட்டிச் சேர்ப்பானேன்? வீட்டில் நானே விசாரிப்பது என்று முடிவு செய்தேன். விடுதி வைஃபை, ரயில்நிலைய வைஃபை என்றால் என் முடிவு தலைகீழ். அங்கே போனில் மறையாக்கிய டிஎன்எஸ்தான்.

ரூட் சர்வருக்கும் முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரிடம் பேட்டை பெயரைக் கேட்டால் போதாதா, யார் வீட்டுக்குப் போகிறோம் என்பது அவருக்கு எதற்கு? அன்பவுண்ட் தானாகவே அந்தந்தப் படிக்குத் தேவையான துண்டை மட்டும்தான் கேட்கும். இன்னும் ஒரு படி மேலே போய், ரூட்டின் முழுப் பட்டியலையே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு மெகாபைட் அளவுதான். ஒருநாள் சும்மா அதைத் திறந்து புரட்டியபோது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற நம் தமிழ் எழுத்து முடிவுகளும் அதில் இருப்பதைப் பார்த்தேன். தமிழாகத் தெரியவில்லை, வாயில் நுழையாத ரோமன் எழுத்து மாலையாக. நாம் தட்டும் தமிழை அந்த மாலையாகக் கோத்துத்தான் டிஎன்எஸ்ஸிடம் கொடுக்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்த உளவாளி

அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த நான் யோசிக்காமல் விட்ட ஆள் ஒருவர் உண்டு. நான்தான்.

2024 மார்ச்சில் என் மனைவியின் தம்பி எங்களோடு தங்கியிருந்தான். நல்ல வேலையில் இருந்தான். ஒரு காலை, ஏதோ ஒரு பெயர் ஏன் தடுபட்டது என்று பார்க்க பை-ஹோலின் பட்டியலைத் திறந்தேன். முந்தைய இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவன் போனிலிருந்து வரிசையாக வேலை தேடும் தளங்கள். மறுநாளும் அதே. அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே "ஆபீஸ்லாம் எப்படிப் போகுது மச்சான்?" என்று நான் கேட்க, "நல்லாப் போகுது மாமா" என்று அவன் சொல்ல, இட்லி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்று மூன்று வாரம் கழித்து அவனே சொன்னான். அப்போது ஆச்சரியப்பட்டதுபோல் நடித்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இணைய நிறுவனம் என் பட்டியலைப் படிக்குமோ என்று பயந்து பெட்டி வைத்தவன், வீட்டில் எல்லார் பட்டியலையும் அழகாக வரைபடம் போட்டு வைத்திருந்தேன். நிறுவனத்துக்கு நான் ஆயிரக்கணக்கானோரில் ஒருவன். என் பெட்டிக்கு வீட்டில் ஒவ்வொருவரும் பெயரோடு தெரிந்தவர். எது மோசம்? அப்போதைய பை-ஹோல் எதையும் மாற்றாமல் விட்டால் ஒரு வருடப் பட்டியலைச் சேர்த்து வைக்கும். அன்றே பட்டியல் எடுப்பதை நிறுத்தினேன், பழையதை அழித்தேன். அதனால் ஏதாவது பழுது வந்தால் தேடுவது கொஞ்சம் கஷ்டம். பரவாயில்லை. வீட்டு டிஎன்எஸ் வைக்கச் சொல்லித் தரும் குறிப்புகளில் இதைக் கடைசி வரியாகக்கூட யாரும் எழுதுவதில்லை, முதல் வரியாக எழுத வேண்டியது.

ஜூன் 1

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

8.8.8.8-க்குப் பிங் போட்டால் பதில் வந்தது. ஆக கம்பி உயிரோடுதான் இருக்கிறது. எந்தப் பெயரைக் கேட்டாலும் பெட்டி 'சர்வ்ஃபெயில்', அதாவது பதில் தர முடியவில்லை என்றது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். மெமரி கார்டு கெட்டிருக்குமோ என்று கழற்றித் துடைத்தேன். அம்மா கூடத்தில் இருந்து, "முன்னாடி இருந்த மாதிரியே வச்சிருக்கக் கூடாதாடா?" என்றார். பதில் சொல்லவில்லை.

டிக் கட்டளையில் 'சரிபார்க்காமல் பதில் மட்டும் கொடு' என்று கேட்க ஒரு வழி உண்டு. அப்படிக் கேட்டதும் பதில் வந்துவிட்டது! அப்படியென்றால் பெட்டிக்குப் பதில்கள் கிடைக்கின்றன, ஆனால் அவை பொய் என்று தள்ளிவிடுகிறது. டிஎன்எஸ்செக் கையெழுத்தில் சிக்கல்.

டிஎன்எஸ்செக் என்பது பதில்களின் மேல் போடும் கையெழுத்து. 2008-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி, டிஎன்எஸ் கேஷில் போலி முகவரியை எவ்வளவு சுலபமாகத் திணிக்கலாம் என்று காட்டிய பிறகு இதற்கு அவசரம் வந்தது. 2010-இல் ரூட்டிலும் கையெழுத்து வந்துவிட்டது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று தேதி உண்டு, மாதாந்திர பஸ் பாஸ் போல. ரூட்டின் கையெழுத்துகளுக்கு ஆயுள் இரண்டு, மூன்று வாரம்தான்.

லாகில், கையெழுத்தின் தொடக்கத் தேதி இன்னும் வரவில்லை என்ற பொருளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா சுவரில் இருந்த நாள்காட்டியின் தாள்களைக் கிழிக்க ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பிய ஏப்ரல் 27-லேயே அது நின்றிருந்தது. நான் லாக் வரியின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 27.

ராஸ்பெர்ரி பை 4-இல் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. அணைத்தால் நேரம் மறந்துபோகும். கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு எழும், பிறகு நெட்டில் உள்ள நேர சர்வரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். அந்த நேர சர்வருக்குப் பெயர்தான் தெரியும், முகவரி தெரியாது. முகவரி கேட்பது தன்னிடமே. தானோ, தேதி ஏப்ரல் என்று நம்பிக்கொண்டு, ஜூன் மாதப் பாஸைக் காட்டும் பயணியை இறக்கிவிடும் கண்டக்டர். நேரம் சரியானால்தான் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் ஊரில் சொல்வது இதற்காகவே சொன்னது போல் இருந்தது.

முன்பெல்லாம் எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது, அப்போது இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? பெட்டி மணிக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்து வைக்கிறது. இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் கடிகாரம் இரண்டு, மூன்று மணி நேரம்தான் பின்தங்கும். அன்பவுண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்: கையெழுத்தின் ஆயுளில் பத்து சதவீதம், குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள் வரை தேதி பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். 35 நாள் பிசகு அதன் கருணைக்கு அப்பாற்பட்டது. மாதக் கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவருக்கு மட்டும் வரும் வியாதி இது.

கையால் தேதியை மாற்றினேன். அடுத்த நொடி எல்லாம் ஓடியது. ஒன்றரை மணி நேரத் தேடல், ஒற்றை வரித் தீர்வு.

செய்த மாற்றங்கள்

டிஎன்எஸ்செக்கையே அணைத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்கு நியாயமும் உண்டு. கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெருந்தலைகளே தங்கள் முதன்மைப் பெயருக்குக் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் நானே விசாரிக்கும்போது என் கேள்விகள் வெறும் அஞ்சலட்டைகள், வழியில் யாரும் அழித்தெழுதலாம். தவறாகத் தட்டிய பெயருக்கு விளம்பரம் காட்டிய நிறுவனத்தின் கம்பி வழியேதான் அவை போகின்றன. இருக்கிற ஒரு பூட்டையும் கழற்ற மனம் வரவில்லை.

நேர சர்வரைப் பெயரால் கேட்காமல் முகவரியால் கேட்கும்படி எழுதினேன். கூகுளின் நேர சர்வர் 216.239.35.0 என்ற நிலையான முகவரியில் இருக்கிறது. அதோடு டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரப் பலகை ஒன்றை வாங்கிச் செருகினேன். கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற வட்ட பேட்டரியில் ஓடும், வருடக்கணக்கில் நேரம் மறக்காது. ராஸ்பெர்ரி பை 5-இல் கடிகாரம் உள்ளேயே உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும். பெட்டி தன் சொந்தத் தேவைக்கு மட்டும் வெளி டிஎன்எஸ் ஒன்றைக் கேட்கும்படி விட்டிருந்தாலும் இந்தச் சிக்கலே வந்திருக்காது. ஆரம்பத்தில் அதை நான் செய்யாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை, கொழுப்புதான்.

வெளியிலிருந்து 53-ஆம் போர்ட் பெட்டிக்கு வராதபடி ரவுட்டரில் மூடியிருப்பதை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன். 2013-இல் குப்பை அஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் மீது விநாடிக்கு சுமார் 300 ஜிகாபிட் அளவுக்குத் தாக்குதல் நடத்தியது இப்படித் திறந்து கிடந்த டிஎன்எஸ் சர்வர்களை வைத்துத்தான்.

செலவு என்று பார்த்தால் பெட்டி இழுப்பது 3 வாட் அளவு. மாதம் இரண்டு யூனிட் சொச்சம்.

2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 உலகம் முழுக்க 62 நிமிடம் படுத்தது. நண்பர்களிடம் என் வீடு மட்டும் பாதிக்கப்படவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டேன். நம் நேரப்படி அது 15-ஆம் தேதி விடிகாலை 3:22 முதல் 4:24 வரை. வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 1 இரவே இன்னொரு வேலையும் செய்தேன். ஒரு தாளில், ரவுட்டர் பக்கத்தைத் திறப்பது எப்படி, எந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணை அழித்து 'தானியங்கி' என்று மாற்ற வேண்டும் என்று ஆறு வரி எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

அது 2024 நவம்பரில் உதவியது. நான் சென்னையில் இருந்தேன். பழைய போனிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த மெமரி கார்டு ஒரேயடியாகப் போய்விட்டது. மனைவி தாளைப் பார்த்து நாலு நிமிடத்தில் நெட்டை மீட்டுவிட்டாள், எனக்குச் சொல்லக்கூட இல்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோதுதான் பெட்டி செத்துக் கிடப்பது தெரிந்தது.

"பத்து நாளா இது இல்லாமலா ஓடுச்சு? ஸ்லோவா இல்ல?"

"ஒண்ணும் தெரியலீங்க. சாயங்காலம் கொஞ்சம் நிக்கும். முன்னாடி மாதிரிதான்."

பெட்டி போனதைக் கவனித்தவர் வீட்டில் ஒருவர்தான். அம்மா செய்தி படித்துக்கொண்டிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"பத்து நாளா ஒரு வரி படிக்கறதுக்குள்ள நாலு விளம்பரம் வந்து மூஞ்சியில அடிக்குது. நீ ஊருக்குப் போனா இதையும் கையோட எடுத்துட்டுப் போயிடுவியாடா?"